மாட்டுக்குன்னே ஒரு காடு: கொறங்காட்டில் ஒரு வாரம்

ராத்திரி ஹாஸ்டல்ல யார் போனை எட்டிப் பார்த்தாலும் ரெண்டு வகை வீடியோதான் ஓடும். ஒண்ணு கிரிக்கெட். இன்னொண்ணு, ஆஸ்திரேலியாவில செம்மண் பறக்க ஹெலிகாப்டர்ல மாடு ஓட்டற வீடியோ. ரெண்டாவது வகைக்கு இப்ப நம்ம பசங்ககிட்ட மவுசு கூடியிருக்கு, அதுக்குக் காரணமும் இருக்கு. 2024-ல் ஆஸ்திரேலியா ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ விசாவை இந்தியர்களுக்குத் திறந்துவிட்டது. 18 முதல் 30 வயசு வரைக்கும், வருஷத்துக்கு 1,000 பேர், குலுக்கல் முறை. ஒரு வருஷம் அங்கே தங்கி ஊரும் சுத்தலாம், வேலையும் பார்க்கலாம். இரண்டாவது வருஷமும் வேணும்னா, குறிப்பிட்ட பகுதிகள்ல 3 மாசம் பண்ணை மாதிரியான வேலை பார்த்திருக்கணும். அந்தப் பட்டியலில் மாட்டுப் பண்ணை வேலையும் வருது. அங்கே மாட்டுப் பண்ணைக்குப் பேர் ‘ஸ்டேஷன்’. ரயில்வே ஸ்டேஷனுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

பாலைவனத்துக்குள்ள மாட்டை வச்சு எப்படிப் பிழைக்கிறாங்கங்கிறதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ஆனா பதில் தேடி நான் போனது ஆஸ்திரேலியாவுக்கு இல்ல. சேலம், ஈரோடு தாண்டி, வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவில் இருக்கிற என் ரூம்மேட்டோட ஊருக்கு. செமஸ்டர் லீவுல ஒரு வாரம் அங்கே தங்கினேன். மழை குறைஞ்ச ஊர்ல, மாட்டுக்காகவே நிலத்தை ஒதுக்கி வேலி போட்டு வளர்க்கிற ஏற்பாடு தமிழ்நாட்டிலும் உண்டு. அதுக்குப் பேர் கொறங்காடு.

முதல்ல அந்த ஊர்க் கணக்கைப் பார்த்துடலாம், அப்பதான் நம்ம கணக்கு புரியும். தெற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிற அன்னா க்ரீக் ஸ்டேஷன்தான் உலகத்திலேயே பெரிய மாட்டுப் பண்ணை. சுமார் 23,700 சதுர கிலோமீட்டர். நம்ம திருவண்ணாமலை மாவட்டம் மொத்தமும் 6,200 சதுர கி.மீ.க்குக் கொஞ்சம் கம்மி. அதாவது ஆரணி, செய்யாறு, செங்கம், ஜவ்வாது மலை எல்லாம் சேர்த்த மாவட்டத்தைப்போல கிட்டத்தட்ட நாலு மடங்கு நிலம் ஒரே பண்ணை. அதுல எவ்வளவு மாடு இருக்கும்னு நினைக்கிறீங்க? நல்ல மழை பெய்ஞ்ச 2012 வாக்கில் ஏறக்குறைய 17 ஆயிரம். அதுக்கு முன்னாடி வந்த பஞ்சத்தில் ரெண்டாயிரம் அளவுக்கு இறங்கிடுச்சு. நல்ல வருஷத்தையே எடுத்து வகுத்துப் பாருங்க: ஒரு மாட்டுக்குச் சுமார் 340 ஏக்கர்! பண்ணை பெருசா இருக்கிறதைப் பார்த்து நாம வாய் பிளக்கிறோம். உண்மையில் அது அந்த நிலத்தோட ஏழ்மை. வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட இல்லாத இடத்தில் ஒரு மாடு வயித்தை நிரப்ப அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கு.

அங்கே நிலம் பெருசு, ஆள் குறைவு. அதனால இடைவெளியை மெஷின் வச்சு நிரப்பினாங்க. ஹெலிகாப்டர் ஓட்டறது பந்தாவுக்காக இல்ல, நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிற மாட்டைக் குதிரையில போய்த் திருப்பிட்டு வர வாரக்கணக்கில் ஆகும். டிங்கோன்னு சொல்ற காட்டு நாய்களைத் தடுக்க 5,600 கி.மீ. நீளத்துக்குக் கம்பி வேலி. ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருக்குன்னு 1928-ல் விமானத்தில் டாக்டர் வர்ற சேவையைத் தொடங்கினாங்க. கூப்பிட போன் கிடையாது, கரன்ட்டும் கிடையாது. ஆல்ஃப்ரெட் ட்ரேகர்ங்கிற இன்ஜினியர் 1929-ல் பெடல் ரேடியோ செய்தார். உட்கார்ந்து காலால் மிதிச்சா ஜெனரேட்டர் சுத்தும், அந்த மின்சாரத்தில் ரேடியோ வேலை செய்யும். பின்னாடி பிள்ளைகளுக்கு ரேடியோ வழியாவே பாடம் நடந்தது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951-ல் அந்தப் பள்ளிக்கூடம் தொடங்கியது. நாம 2020-ல் கண்ட ஆன்லைன் கிளாஸுக்கு 70 வருஷ சீனியர்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

கொங்கு நாட்டில் ‘காடு’ன்னா ஃபாரஸ்ட்னு அர்த்தம் இல்ல. கிணத்துப் பாசனம் இருந்தா அது தோட்டம். வானம் பார்த்த பூமின்னா காடு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், கரூர் பக்கம் வானம் ரொம்ப அடிக்கடி பார்க்கிறதில்ல. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து மட்டும் ஊளையிட்டுக்கிட்டு வரும், மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிட்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யறதுதான் பெரும்பாலும் வருஷத்துக்கே. மண்ணும் சரளை. இதுல நெல்லோ கரும்போ நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது. அதனால அங்கத்த விவசாயிகள் நிலத்தோட சண்டை போடாம, அதுக்கு எது வருமோ அதை விட்டாங்க. அதுக்கு வர்றது மூணு: ஒரு புல், ஒரு மரம், ஒரு வேலி.

புல்லுக்குப் பேர் கொழுக்கட்டைப் புல். அடித்தண்டு கொஞ்சம் தடிச்சு, அதுல சத்தைச் சேர்த்து வச்சுக்கும். கோடையில் பார்த்தா செத்துப்போன வைக்கோல் மாதிரிதான் இருக்கும். ஒரு மழை விழுந்து சில நாள்ல அதே தூரிலிருந்து பச்சை கிளம்பும். மாடு அடிவரைக்கும் கடிச்சாலும் திரும்ப வரும், ஆனா திரும்ப வர்றதுக்கு நேரம் கொடுக்கணும். இந்தக் கடைசி வாக்கியம்தான் கொறங்காட்டோட மொத்த மேனேஜ்மென்ட்டும்.

மரம் வெள்வேல். முள் மரம். சின்னச் சின்ன இலையா இருக்கிறதால நிழல் சல்லடை மாதிரி விழும், கீழே இருக்கிற புல்லுக்கும் வெயில் கிடைக்கும். வேப்பமோ புளியமோ நின்னா அடியில் புல் இப்படி வராது. பயறு வகைக் குடும்பம்ங்கிறதால வேர் வழியா மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கும். முக்கியமான விஷயம் அதோட காய். புல் காய்ஞ்சு தரையில் ஒண்ணுமே இல்லாத கோடையில்தான் காய் உதிரும், ஆடும் மாடும் அதைப் பொறுக்கித் தின்னும். கொட்டை சாணியோட வெளியில் வந்து, அடுத்த மழைக்கு முளைக்கும். யாரும் நாற்று நட வேண்டியதில்ல, மரத்தை நடறதும் மாடுதான். (இந்த மரத்தோட பட்டையைப் போட்டுத்தான் அந்தக் காலத்தில் பட்டைச் சாராயம் காய்ச்சினாங்க. இந்தத் தகவலை ரூம்மேட்டோட அப்பாரு ஒரு தனி உற்சாகத்தோட சொன்னார்.)

வேலி முள்ளுக்கிளுவை. இதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. கிளையை வெட்டிப் போத்தா ஊனினா போதும், வேர் விட்டு வளர்ந்துடும். நெருக்கமா ஊனினா சில வருஷத்தில் ஆட்டுக்குட்டிகூட நுழைய முடியாத முள் சுவர். கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து எலும்புக்கூடா நிக்கும், தண்ணியே கேட்காது. கம்பி வேலின்னா துரு ஏறும், கல்லுக்கால் சாயும். கிளுவை தலைமுறை தாண்டி நிக்கும், ஓட்டை விழுந்த இடத்தில் இன்னொரு போத்து ஊனினா சரி. ஓணான், கீரி, காடை, கவுதாரிக்கெல்லாம் அதுதான் வீடு. 5,600 கி.மீ. கம்பி வேலியைப் பராமரிக்க ஆஸ்திரேலியாவில் ஆள் போட்டு ரோந்து போறாங்க. இங்கே வேலி தன்னைத்தானே பராமரிச்சுக்குது. மெக்கானிக்கல் பசங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

இந்த மூணையும் வச்சு நடக்கிற கணக்கு இதுதான். ஒருத்தர்கிட்ட 20 ஏக்கர் இருக்குன்னா அதை நாலஞ்சு துண்டாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் தனியா கிளுவை வேலி, ஒரு படல். ஒரு துண்டில் மாடு மேயும்போது மத்த துண்டுகள் ஓய்வு எடுக்கும். புல் இவ்வளவு உயரத்துக்கு வந்தாச்சுன்னா படலைத் திறந்து அங்கே மாத்துவாங்க. மாடு மேய்ஞ்ச பிறகு ஆடு, பெரும்பாலும் மேச்சேரி ஆடு, மிச்சத்தை மேயும். சில வருஷத்துக்கு ஒருமுறை ஒரு துண்டை உழுது சோளமோ கம்போ விதைச்சு, கூடவே கொழுக்கட்டை விதையையும் தூவி, நிலத்தைப் புதுசாக்குவாங்க. மேய்ச்சலை மாத்தி மாத்தி நடத்தறதை இன்னிக்கு வெளிநாட்டில் செமினார் வச்சுச் சொல்லிக் கொடுக்கிறாங்க. இங்கே அதுக்குப் புத்தகம் இல்ல, படல்தான்.

தங்கின வாரத்தில் எனக்குக் கிடைச்ச முதல் வேலையும் படல்தான். “எப்படி இருந்துதோ அப்படியே உட்டுட்டு வரோணும் கண்ணு. சாத்தியிருந்தாச் சாத்து, தொறந்திருந்தாத் தொறந்தே உடு”ன்னு அப்பாரு முதல் நாளே சொல்லிட்டார். அதே விதியைத்தான் ஆஸ்திரேலிய ஸ்டேஷன்கள்லயும் புது ஆளுக்கு முதல்ல சொல்றாங்க. திறந்திருக்கிற கதவை நல்லது பண்றதா நினைச்சு மூடினா, மாடு தண்ணித் தொட்டிக்குப் போக முடியாம வெயிலில் நிக்கும். மூடியிருக்கிறதைத் திறந்துவிட்டா ஓய்வில் இருக்கிற புல் ஒரே நாள்ல காலி.

நாள் எப்படிப் போகும்னா, விடிகாலை 5 மணிக்குப் பால் பீய்ச்சறதில் ஆரம்பிக்கும். பெருசா எதிர்பார்க்காதீங்க. காங்கேயம் பசு வேளைக்கு ஒரு லிட்டர், ஒண்ணரை லிட்டர் கொடுத்தாலே நல்ல பசு. கன்னுக்குட்டியை முதல்ல ஊட்டவிடணும், இல்லேன்னா பாலையே இறக்காது. நம்ம வேங்கிக்கால் பக்கம் சொசைட்டிக்குப் பால் ஊத்தற ஜெர்சி கலப்பு மாட்டோட இதை ஒப்பிட்டா சிரிப்புதான் வரும். ஆனா இந்த மாட்டைப் பாலுக்காக யாரும் உருவாக்கவே இல்ல. இது இழுவை மாடு. உழவு, வண்டி, கிணத்துல கவலை இறைக்கிறது, இதுக்கெல்லாம் காங்கேயம் காளைக்கு இணை கிடையாதுன்னு பேர். இந்த இனத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கன்னு பிறக்கும்போது சிவப்பா இருக்கும், ஆறு மாசத்தில் நிறம் மாறி சாம்பலாகும். காளைக்கு வயசாக ஆக திமில், கழுத்து, தொடைப் பக்கமெல்லாம் கறுப்பு ஏறும். மயிலை, காரி, செவலை, பிள்ளைன்னு நிறத்துக்கு ஒரு பேர். சாம்பல் நிற மாடு எல்லாம் எனக்கு முதல் நாள் ஒரே மாதிரிதான் தெரிஞ்சது. அங்கே எட்டாவது படிக்கிற பொண்ணு தூரத்தில் முதுகை மட்டும் பார்த்தே பேர் சொல்லிக் கூப்பிடுது.

பால் முடிஞ்சதும் தொட்டிக்குத் தண்ணி. இங்கேதான் மனுஷ உழைப்பு நிறைய. ஒரு மாடு கோடையில் 30, 40 லிட்டர் குடிக்கும். பத்து மாடும் ஆடுகளும்னா ஒரு நாளைக்கு அரை டேங்கர் போல. போர்வெல்லில் தண்ணி கீழே இறங்கிக்கிட்டே போகுது, சில மாசம் டிராக்டர்ல விலைக்கு வாங்கித் தொட்டி நிரப்பறாங்க. அப்புறம் வேலியைச் சுத்தி ஒரு நடை, எங்கே ஓட்டைன்னு பார்க்க. மத்தியானம் மாடு வெள்வேல் நிழலில் படுத்து அசை போடும், நாமளும் சாளையில் கம்பஞ்சோறும் மோரும் சாப்பிட்டுட்டுப் படுத்துடலாம். சாயங்காலம் எண்ணிப் பார்த்துப் பட்டியில் அடைக்கணும். அவ்வளவுதான். வீடியோவில் வர்ற மாதிரி எந்தச் சாகசமும் நடக்கல. ஆனா ஒரு வாரம் போனதே தெரியல.

மூணாவது நாள் கொழுக்கட்டைப் புல்லைப் பத்தி நெட்ல தேடினப்பதான் ஒரு ஆச்சரியம். ஆஸ்திரேலிய மாட்டு ஸ்டேஷன்கள்ல ‘பஃபல் கிராஸ்’னு ஒரு புல் இருக்கு. தாவரவியல் பேர் சென்க்ரஸ் சிலியாரிஸ். நம்ம கொழுக்கட்டைப் புல்லேதான் அது! ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரைக்கும் இயற்கையா இருக்கிற புல். 19-ஆம் நூற்றாண்டில் பாலைவனத்தைக் கடக்க ஒட்டகங்களோட இந்தப் பக்கத்து ஆட்களைக் கூட்டிட்டுப் போனாங்க. ஒட்டகச் சேணத்துக்குள்ள அடைச்சிருந்த புல்லோட விதையும் போய்ச் சேர்ந்ததா சொல்றாங்க. பின்னாடி தீவனத்துக்கும் புழுதியை அடக்கவும் வேணும்னே விதைச்சாங்க. இன்னிக்கு அதுவே பெரிய தலைவலி. அங்கத்த புல்லையெல்லாம் தள்ளிட்டுப் பரவுது, காய்ஞ்சா பயங்கரச் சூட்டோட எரியுது, அந்தத் தீயில் நெருப்பு பழகாத மரங்கள் சாகுது. 2015-ல் தெற்கு ஆஸ்திரேலியா அதைக் களைன்னே அறிவிச்சிடுச்சு. மாட்டுக்காரங்களுக்குத் தீவனம், பக்கத்தில் இருக்கிற தேசியப் பூங்காவுக்கு எமன். நம்ம ஊர்ல அதே புல் சாதுவா இருக்கு. இங்கே அது சொந்த மண்ணில் இருக்கு, துண்டு துண்டா வேலிக்குள்ள இருக்கு, எரியற அளவுக்கு வளர விடாம மாடு கடிச்சுக்கிட்டே இருக்கு.

அங்கே போனது புல் மட்டும் இல்ல. ஐரோப்பிய மாடு வட ஆஸ்திரேலிய வெயிலையும் உண்ணியையும் தாங்காமத் திணறினப்ப, 1933-ல் அமெரிக்காவிலிருந்து பிராமன் மாடுகளை இறக்கினாங்க. அந்தப் பிராமன் இனமே ஓங்கோல், கிர் மாதிரி நம்ம திமில் மாடுகளை வச்சு உருவாக்கினது. ஆக, நாம ரீல்ஸ்ல ஆன்னு பார்க்கிற அந்தச் செம்மண் காட்சியில், திமிலோட ஓடற மாடும் நம்மது, அது மேயற புல்லும் நம்மது.

தண்ணியில் மட்டும் அவங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. கிரேட் ஆர்ட்டீசியன் பேசின்னு பூமிக்கு அடியில் ஒரு பெரிய நீர்த்தேக்கம், கண்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பரவியிருக்கு. துளை போட்டா மோட்டாரே இல்லாம அழுத்தத்தில் தானா மேலே வரும், சில இடத்தில் கொதிக்கக் கொதிக்க. 1878-ல் முதல் துளை. அதுக்கப்புறம் ஆயிரக்கணக்கில் போட்டு, குழாயை மூடாமத் திறந்தே விட்டு, மண் வாய்க்காலில் ஓடவிட்டாங்க. பெரும்பகுதி ஆவியாப் போச்சு, பல ஊற்றுகள் வத்திடுச்சு. 1999 முதல் அரசே காசு போட்டுத் துளைகளை மூடி, குழாயும் தொட்டியுமா மாத்தற வேலை நடந்தது. இதைப் படிச்சப்ப நம்ம இலவச மின்சாரமும் போர்வெல்லும் ஞாபகத்துக்கு வராம இல்ல. நமக்கு அந்த அழுத்தமும் கிடையாது, மூடி மீட்கிற வாய்ப்பும் கிடையாது.

இன்னொரு விஷயம் சொல்லாம விட்டா இது டூரிஸ்ட் நோட்டீஸ் ஆயிடும். ஸ்டேஷன்கள் ஓடினது யாரோட உழைப்பில்? அந்த நிலத்தோட ஆதிகுடிகளைத்தான் மாடு மேய்க்க வச்சாங்க. பல இடத்தில் சம்பளம்னு ஒண்ணு பேருக்குத்தான், மாவு, சர்க்கரை, டீத்தூள்தான் கூலி. 1966 ஆகஸ்டில் வேவ் ஹில் ஸ்டேஷனில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிஞ்சி மக்கள் சுமார் 200 பேர் வேலையை விட்டு வெளியேறினாங்க. முதல்ல கூலிப் போராட்டமாத் தெரிஞ்சது, அப்புறம் நிலத்தையே கேட்டாங்க. ஒன்பது வருஷம் ஆச்சு. 1975-ல் பிரதமர் விட்லம் நேரில் வந்து ஒரு கைப்பிடி மண்ணை லிங்கியாரி கையில் கொட்டினார்.

நம்ம கொறங்காட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி அது. காடு யார் பேர்ல, மாட்டோட நிக்கிறது யார்? கொங்குப் பண்ணையங்களில் தலைமுறை தலைமுறையாப் பண்ணையாளா இருந்தது பெரும்பாலும் அருந்ததியர் குடும்பங்கள். ஆடு மாடு பார்த்ததும், கவலைக்குத் தோல் பறி தைச்சதும் அவங்கதான். பட்டா அவங்க பேரில் இல்ல. இப்ப அந்த வீட்டுப் பிள்ளைகள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போறாங்க. போகாம என்ன செய்வாங்க? ‘மேய்க்க ஆள் கிடைக்கல’ன்னு காட்டுக்காரர் புலம்பறதை நான் நிறையக் கேட்டேன். அந்தப் புலம்பலோட மறுபக்கம் ஒருத்தருக்குக் கிடைச்ச விடுதலைங்கிறதையும் சேர்த்துத்தான் எழுதணும்.

கொறங்காடு சுருங்கறதுக்கு ஆள் பஞ்சம் மட்டும் காரணம் இல்ல. முதல் அடி நம்ம டிபார்ட்மென்ட் கொடுத்தது. மின்சாரப் பம்ப்செட் வந்ததும் கவலை நின்னது, டிராக்டர் வந்ததும் ஏர் மாடு நின்னது, லாரி வந்ததும் வண்டி மாடு நின்னது. இழுக்கிறதுக்காகவே உருவான மாட்டுக்கு இழுக்க ஒண்ணும் இல்லாமப் போச்சு. ரெண்டாவது பாகப்பிரிவினை. 20 ஏக்கரை அஞ்சு துண்டா வச்சு மேய்ச்ச காட்டை நாலு பிள்ளைகள் பிரிச்சா ஆளுக்கு ஒரு துண்டு. ஒரே துண்டில் எதை எங்கே மாத்தறது? ஓய்வே கிடைக்காத புல் ரெண்டு மூணு வருஷத்தில் அழியும். ஒரு ஏற்பாடு எந்த இடத்தில் உடையும்னு பார்த்தா, அது பெரும்பாலும் மண்ணில் உடையாம பத்திரத்தில் உடையுது.

மூணாவது காரணம் காத்தும் வெயிலும். புல்லை வளர விடாத அதே வறட்சிக் காத்து காத்தாலைக்குத் தங்கம். தாராபுரம், உடுமலைப் பக்கம் வரிசை வரிசையா நிக்குது. இப்ப சோலார். ஒரு மெகாவாட்டுக்குத் தோராயமா 4, 5 ஏக்கர் வேணும், அதாவது ஒரு கொறங்காட்டுத் துண்டு. குத்தகைக்கு விட்டா வர்ற பணம் மாடு தர்றதை விடப் பல மடங்கு, அதுவும் மழை பெய்தாலும் பெய்யாட்டாலும். நான் தங்கின இடத்துக்கு ரெண்டு கிலோமீட்டரில் ஒரு காட்டில் கிளுவை வேலியை வேரோட பிடுங்கிக் குவிச்சு வச்சிருந்தாங்க. வெள்வேல் எல்லாம் வெட்டியாச்சு, கம்பி வேலி போட்டாச்சு. பேனல் நிழலில் புல் வந்தா தீப்பிடிக்கும்னு களைக்கொல்லி அடிக்கிறாங்களாம். இதில் யாரையும் வில்லனாக்க எனக்கு மனசு வரல. நிலக்கரியைக் குறைக்கணும்னா சோலார் வேணும். நம்ம கிளாஸ்லயே நாலு பேருக்கு சோலார் கம்பெனியில பிளேஸ்மென்ட் ஆசை இருக்கு, அதில் நானும் ஒருத்தன். ஆனா ‘தரிசு நிலம்’னு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ஒரு வார்த்தை எழுதறோம் பாருங்க, அந்த வார்த்தைக்குள்ள ஒரு புல்லும் ஒரு மரமும் ஒரு வேலியும் ஒரு மாட்டினமும் இருந்தது யாருக்கும் தெரியறதில்ல.

வழி இல்லாம இல்ல. ஆஸ்திரேலியாவில் சோலார் பேனலுக்கு அடியில் செம்மறி மேய விடறாங்க. புல் வெட்டற செலவு மிச்சம், ஆட்டுக்கு நிழல். மாட்டுக்கு இது ஒத்து வரணும்னா பேனலை இன்னும் உயரத்தில் தூக்கணும், மாடு உரசினாலும் அசையாத தூண் வேணும், தொங்கற கேபிள் இருக்கக் கூடாது. இரும்புச் செலவு ஏறும். ஆனா மேச்சேரி ஆட்டுக்கு இப்போ இருக்கிற உயரமே கிட்டத்தட்டப் போதும். கிளுவை வேலியை அப்படியே விட்டா கம்பி வேலிச் செலவு குறையும், வேலியோர வரிசையை மட்டும் நிழல் விழாம கொஞ்சம் தள்ளி வைக்கணும். இதுல ஒரு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒளிஞ்சிருக்குன்னு நான் நினைக்கிறேன். சிவில், மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ மூணு பேரும் சேர்ந்து செய்யலாம். ஒரு பசு 350 கிலோன்னு வச்சுக்கிட்டா, ஒரு நாளைக்கு எட்டொம்பது கிலோ காய்ஞ்ச தீவனம், வருஷத்துக்கு 3 டன்னுக்கு மேல். பேனல் நிழலில் கொழுக்கட்டைப் புல் ஏக்கருக்கு எவ்வளவு வரும்ங்கிறதை ரெண்டு சீசன் அளந்தா கணக்கு கையில் கிடைச்சிடும்.

நம்ம மாவட்டத்தில் ஏன் கொறங்காடு இல்லைன்னும் யோசிச்சேன். இங்கே மழை அதிகம், ஏரி அதிகம். மாடு மேய்ஞ்சது பொது நிலத்தில்: ஏரி உள்வாய், மலையடிவாரம், மேய்க்கால் புறம்போக்கு. யாருக்கும் சொந்தமில்லாததால ஏழை வீட்டு மாடும் மேய்ஞ்சது, அதே காரணத்தால வீடும் ஆபீஸும் ரோடும் முதல்ல அங்கேதான் வந்தது. வேங்கிக்கால் ஏரியைச் சுத்தி ஒரு நடை போய்ப் பார்த்தா விளங்கும். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வேற கதை. செம்மாட்டில் வெள்ளைத் திட்டு போட்ட பர்கூர் மாட்டைக் காட்டுக்குள்ளேயே பட்டி போட்டு வளர்த்தாங்க. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் வனத்தில் மேய்ச்சலைத் தடை செய்து, பிறகு புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காவுக்கு மட்டும்னு குறைச்சது. பொது நிலம், வன நிலம், பட்டா நிலம்னு மேய்ச்சல் எங்கே இருந்தாலும் அதை நெருக்க ஏதோ ஒண்ணு வந்துடுது. 2017-ல் நாம எல்லாரும் காங்கேயம் காளை படத்தை டிபி வச்சோம். அது என்ன தின்னு அப்படி வளர்ந்துச்சுன்னு அப்ப யாருமே கேட்கல.

போய்ப் பார்க்கணும்னு தோணுறவங்களுக்குச் சில தகவல். செங்கம், ஊத்தங்கரை, அரூர் வழியா சேலம், அங்கிருந்து ஈரோடு, அப்புறம் காங்கேயம். முழுசா ஒரு பகல் பஸ்ஸிலேயே போயிடும். தெரிஞ்சவங்க யாரும் இல்லேன்னா குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இருக்கு, முன்கூட்டியே கேட்டுட்டுப் போங்க. மாடு மட்டும் பார்க்கணும்னா சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர் சமயம் கூடற சந்தைதான் சரியான இடம். அவ்வளவு தூரம் முடியாதுன்னா கார்த்திகை தீபத்தப்ப நம்ம ஊர்லயே மாட்டுச் சந்தை கூடுது. கூட்டத்தில் தீபம் பார்க்கப் போறப்ப ஒரு மணி நேரம் அங்கேயும் போய் நில்லுங்க. பச்சைப் புல் பார்க்க ஆசைன்னா கார்த்திகை, மார்கழியில் கொறங்காட்டுக்குப் போங்க. அங்கே கஷ்டம் என்னன்னு தெரியணும்னா சித்திரையில். தை மாசம் போனா பட்டிப் பொங்கல் கிடைக்கும், சாணியில் சின்னத் தெப்பக்குளம் கட்டி அதில் கன்னுக்குட்டியை மிதிக்க விடுவாங்க.

மாட்டுக்குப் பின்பக்கமாப் போகாதீங்க, முன்னாடி குரல் கொடுத்துட்டுப் போங்க. காங்கேயம் மாடு வீட்டு ஆளுக்குப் பூனை மாதிரி, புது ஆளைப் பார்த்தா நெற்றியைத் தாழ்த்தும். ரப்பர் செருப்பு வேண்டாம், வெள்வேல் முள் அதை ஊடுருவி மறுபக்கம் வரும். நல்ல ஷூ போட்டுட்டுப் போங்க, பையில் ஒரு முள்வாங்கியும் வச்சுக்கோங்க.